கடன் மேலாண்மைத் திட்டம் அமைத்துத் தரும் சேவை: 22 மாத அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

என் பெயரில் இருந்த ஆறு கடன்களை ஒரே மாதத் தவணைக்குள் கொண்டுவந்து கொடுத்த கடன் ஆலோசனைச் சேவை ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அதில் சேர்ந்து 22 மாதங்கள் ஆகின்றன. திட்டம் முடிய இன்னும் 38 மாதங்கள் இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய சேவையின் தரம் திட்டத்தை அமைக்கும் முதல் இரண்டு மாதங்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். அந்த மாதங்களின் நினைவு மங்குவதற்கு முன் எழுதினால்தான் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

நான் போன சமயத்தில் மூன்று கிரெடிட் கார்டுகள், இரண்டு தனிநபர் கடன்கள், வீட்டுச் சாமான் வாங்கியதில் மிஞ்சிய ஒரு தவணைக் கடன் என ஆறு பாக்கிகள் இருந்தன. மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே கார்டில் நின்றது. எதிலும் தவணை தவறியதில்லை என்பதால், வெளியிலிருந்து பார்த்தால் நான் ஒழுங்காகக் கடன் கட்டுகிறவன். உண்மையில் ஒரு கார்டிலிருந்து பணம் எடுத்து இன்னொரு கார்டின் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குழியைத் தோண்டிய மண்ணால் இன்னொரு குழியை மூடுகிற வேலை அது. சம்பளம் வந்த பத்தாம் நாள் கணக்கில் ஒன்றும் இருக்காது. எந்தத் தேதியில் எந்தக் கடன் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே இரவில் விழித்திருப்பேன். மொத்தம் எவ்வளவு என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சரியாகச் சொன்னால், நானே அதைக் கூட்டிப் பார்த்திருக்கவில்லை.

கடன் மேலாண்மைத் திட்டத்தைப் பலரும் கடன்களை ஒருங்கிணைப்பதற்காக வாங்கும் புதுக் கடனோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால், அது என்ன என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இதில் யாரும் நமக்குப் பணம் தருவதில்லை. ஆலோசனை நிறுவனம் நம்முடைய வருமானத்தையும் அத்தியாவசியச் செலவுகளையும் கணக்கிட்டு, மிச்சமாகும் தொகையைக் கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் பாக்கியின் விகிதத்தில் பிரித்துத் தருவதாக ஒரு முன்மொழிவு எழுதி அனுப்புகிறது. வட்டியைக் குறைக்கவோ நிறுத்தவோ, தாமதக் கட்டணங்களை விலக்கவோ அவர்களிடம் கேட்கிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால், மாதம் ஒரு முறை நாம் நிறுவனத்துக்கு ஒரே தொகையைச் செலுத்துகிறோம், அது அதைப் பகிர்ந்து அனுப்புகிறது. அசல் முழுவதையும் அடைப்பது நாம்தான். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடியும்படி வகுக்கிறார்கள். வட்டி போதுமான அளவு குறையாவிட்டால் அதற்கு மேலும் நீளும்.

வட்டிக் குறைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதல் சந்திப்பில் ஆலோசகர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் பாக்கி இருக்கிறது, ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி, அதாவது மாதம் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,028 கட்டினால் முதல் மாதம் 2,000 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது வெறும் 28. புதிதாக ஒரு காசும் செலவழிக்காமல் இப்படியே கட்டிக்கொண்டு போனாலும் கடன் தீர ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆகும், கட்டிய மொத்தத் தொகை நான்கு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அதே 2,028-ஐ 8 விழுக்காடு வட்டியில் கட்டினால் 60 மாதங்களில், ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்தில் கடன் முடிந்துவிடும். நம் கையிலிருந்து மாதாமாதம் போகும் பணத்தில் எந்த மாற்றமும் இல்லை. வட்டி குட்டி போடும் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அது எத்தனை ஆண்டுகளைத் தின்னும் என்பதை எண்ணாகப் பார்த்தபோதுதான் நான் இத்தனை காலம் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது.

கடன் கொடுத்தவர்கள் எதற்காக இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கடனாளி முற்றிலும் கைவிரித்துவிட்டாலோ திவாலாகிவிட்டாலோ அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வசூல் முகவர்களுக்கும் செலவாகும். குறைந்த வட்டியில் அசல் முழுவதும் திரும்பி வருவது அவர்களுக்கும் இலாபமே. இந்தப் புரிதலின் மேல்தான் இத்துறை வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கடன் ஆலோசனைக்கான தேசிய அறக்கட்டளை 1951-இல் தொடங்கியது. பிரிட்டனில் இன்று ஸ்டெப்சேஞ்ச் என்று அறியப்படும் அறக்கட்டளை 1993-இல் தொடங்கியது. மலேசியாவில் மத்திய வங்கி 2006-இல் ஏ.கே.பி.கே என்ற அமைப்பை உருவாக்கி இலவசமாகவே இதைச் செய்துதருகிறது. பல நாடுகளில் இத்திட்டம் சட்டத்தால் யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் உடன்படிக்கை மட்டுமே; கடன் கொடுத்தவர் மறுக்கலாம், ஒப்புக்கொண்ட பிறகு விலகவும் செய்யலாம். ஸ்காட்லாந்து இதில் விதிவிலக்கு. அங்கே 2004 முதல் சட்டத்தின் துணையோடு நடக்கும் கடன் ஏற்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு அனுமதி கிடைத்துவிட்டால் வட்டியும் கட்டணங்களும் ஏறாமல் நிற்கும். உங்கள் நாட்டில் இவற்றில் எந்த வகை நடைமுறையில் உள்ளது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் அது தெரியாமல் சேர்ந்தவர்களே பின்னால் ஏமாற்றம் அடைகிறார்கள். முதல் சில வாரங்களுக்கு நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

இந்தச் சேவையிடம் வருவதற்கு முன் வேறொரு நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசியிருந்தேன். ஐந்து நிமிடங்களுக்குள் என் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக அங்கே உறுதி அளித்தார்கள். என் வருமானம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. எல்லாக் கடன்களுக்கும் கட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை அவர்களிடம் சேர்த்து வரச் சொன்னார்கள். முதல் இரண்டு மாதத் தொகை அவர்களுடைய கட்டணம் என்றார்கள். அது மேலாண்மைத் திட்டமே இல்லை, கடனைப் பேரம் பேசி முடிக்கும் வேறு வகைச் சேவை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பேரம் படியும் வரை தவணைகள் தவறிக்கொண்டே இருக்கும், வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும், வழக்குத் தொடுக்கும் உரிமை கடன் கொடுத்தவரிடம் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட முன்பணத்தால் பலர் பாதிக்கப்பட்டதால், தொலைபேசி வழியாக விற்கப்படும் கடன் நிவாரணச் சேவைகள் ஒரு கடனையாவது முடித்துக் கொடுப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010-இல் விதி கொண்டுவந்தார்கள். உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் செலவுக் கணக்கைப் பார்க்காமலேயே பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்பேன்.

நான் சேர்ந்த சேவையில் திட்டம் அமைக்கக் கட்டணம் இல்லை. திட்டம் நடக்கும் காலத்தில் மாதத் தவணையிலிருந்து ஒரு சிறு தொகையை நிர்வாகச் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது போக, கடன் கொடுத்த நிறுவனங்களிடமிருந்தும் தங்களுக்குப் பங்களிப்பு வருகிறது என்பதை நான் கேட்பதற்கு முன்பே ஆலோசகர் சொல்லிவிட்டார். இத்துறையில் இது நெடுங்கால வழக்கம். என்றாலும், எனக்காகப் பேசுகிறவருக்கு எதிர்த் தரப்பிலிருந்தும் பணம் போகிறது என்பது கவனிக்கத்தக்க விஷயம்; திவால் மனு போன்ற பிற வழிகளையும் அவர் நேர்மையாக எடுத்துச் சொல்கிறாரா என்று பார்ப்பதே அதற்கு உரிய சோதனை. இவர் சொன்னார். எந்த நிலைமையில் இத்திட்டத்தைவிடத் திவால் நடவடிக்கையே ஒருவருக்கு நல்லது என்று அரைமணி நேரம் விளக்கினார். என் நிலைமை அதுவல்ல என்ற முடிவுக்கு இருவரும் சேர்ந்தே வந்தோம்.

முதல் சந்திப்புக்குக் கொண்டுவரச் சொன்னவை கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஒவ்வொரு கடனின் சமீபத்திய அறிக்கை, கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை ஆகியவை. கடைசியாகச் சொன்னதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் மறந்தே போயிருந்த ஒரு பழைய கார்டின் ஆண்டுக் கட்டணப் பாக்கி அதில் இருந்தது. அதைத் தவறவிட்டிருந்தால், பின்னால் ஏழாவதாக ஒருவர் முளைத்து முழு விகிதக் கணக்கையும் குலைத்திருப்பார். அன்றே அதைக் கட்டி முடித்தேன்.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது செலவு அட்டவணை தயாரித்த விதத்தைத்தான். வாடகை, உணவு, மின்சாரம், போக்குவரத்து, பள்ளிச் செலவு, மருந்து, செல்பேசி, உடை என்று ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் கழித்து, மாதம் இவ்வளவு கட்டிவிடுகிறேன் என்று நான் ஒரு தொகையைச் சொன்னேன். வாங்கிய கடனைச் சீக்கிரம் கட்டிவிட வேண்டும் என்ற வெட்கமும் வேகமும் அந்தத் தொகைக்குள் இருந்தன. ஆலோசகர் அட்டவணையை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, “இந்தத் தொகையை ஐந்து ஆண்டுகளுக்கு உங்களால் கட்ட முடியுமா என்று கேட்கிறேன். இந்த மாதம் முடியுமா என்று கேட்கவில்லை” என்றார். ஆண்டுக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுத் தவணை எங்கே, கண்ணாடி மாற்றும் செலவு எங்கே, உறவில் ஒரு கல்யாணம் வந்தால் என்ன செய்வீர்கள், குளிர்சாதனப் பெட்டி பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்து, அவசரத் தேவைக்கென்று ஒரு வரியும் எழுதியபோது, நான் சொன்ன தொகையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது. 44 மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய திட்டம் 60 மாதங்களுக்கு நீண்டது.

எனக்கு அன்று அது பிடிக்கவில்லை. 16 மாதங்கள் கூடுதலாகக் கடனாளியாக இருப்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் திட்டத்தின் ஒன்பதாம் மாதத்தில் குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தபோது, அந்த அவசர வரியில் சேர்ந்திருந்த பணம்தான் கைகொடுத்தது. என் கணக்குப்படி போயிருந்தால் அந்த மாதமே தவணை தவறியிருக்கும். கார்டுகளும் கையில் இல்லாத நிலையில் யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பேன். தவணை தொடர்ந்து தவறினால் குறைத்த வட்டியைக் கடன் கொடுத்தவர்கள் மீண்டும் பழைய நிலைக்கு ஏற்றிவிடலாம். ஆகவே மாதத் தொகையைக் கூட்டச் சொல்கிற ஆலோசகரைவிட, குறைக்கச் சொல்கிற ஆலோசகரே தன் தொழிலை அறிந்தவர் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எல்லாக் கடனையும் இத்திட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் போல ஏதாவது ஒன்றை ஈடாக வைத்து வாங்கியவை வெளியேதான் நிற்கும், ஏனென்றால் அவற்றில் தவணை தவறினால் அந்தப் பொருளே கைவிட்டுப் போகும். வாடகை, வரி, மின்கட்டணம் போன்றவற்றின் பாக்கிகளையும் முதலில் கவனிக்க வேண்டியவையாகவே வைக்கிறார்கள். அட்டவணையில் இவற்றை முழுவதுமாக ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் கார்டுகளுக்கும் தனிநபர் கடன்களுக்கும் போகிறது. அடிக்கடி தொலைபேசியில் கூப்பிட்டு மிரட்டுகிறவருக்கே முதலில் கொடுத்துப் பழகியிருந்த எனக்கு இந்த வரிசை மாற்றம் பெரிய பாடமாக இருந்தது. குரலை உயர்த்துகிறவரின் கடன்தான் அவசரமானது என்று இல்லை.

யாராவது பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கும் கடன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் திட்டத்தில் சேர்ந்துவிட்டாலும் பிணை நின்றவரின் பொறுப்பு நீங்குவதில்லை; நம்மிடம் குறைவாக வாங்கிக்கொண்டு மீதியை அவரிடம் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. கூட்டாக வாங்கிய கடனுக்கும் இது பொருந்தும். என் தனிநபர் கடன்களில் ஒன்றுக்கு என் மைத்துனர் பிணை. அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தால்தான் முன்மொழிவை அனுப்புவேன் என்று ஆலோசகர் உறுதியாக நின்றார். அந்தப் பேச்சு எனக்கு எளிதாக இருக்கவில்லை. மைத்துனரிடம் சொன்ன அன்றே மனைவியிடமும் முழுத் தொகையைச் சொன்னேன். இந்தச் சேவையால் எனக்குக் கிடைத்த நன்மைகளில் வட்டிக் குறைப்புக்கு அடுத்ததாக இதைத்தான் வைப்பேன்.

இன்னொரு நல்ல அறிவுரை வங்கிக் கணக்கைப் பற்றியது. என் சம்பளம் வந்துகொண்டிருந்த வங்கியிலேயே ஒரு கார்டுக் கடனும் இருந்தது. இப்படி இருக்கும்போது, பாக்கியைச் சம்பளக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வங்கிக்குப் பல இடங்களில் உரிமை இருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால் அந்த மாத வாடகைக்கே வழியிருக்காது. ஆகவே எனக்குக் கடன் ஏதும் இல்லாத வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கி, சம்பளத்தை அங்கே மாற்றிய பிறகே முன்மொழிவு போனது.

அடுத்து வந்தது இந்தச் சேவை சறுக்கிய இடம். முன்மொழிவு அனுப்பியதற்கும் எல்லோருடைய பதிலும் வந்து திட்டம் ஓடத் தொடங்கியதற்கும் இடையில் ஏழு வாரங்கள் ஆயின. ஒப்புதல் கடிதம் வரும் வரை பழைய தவணைகளைக் கட்டிக்கொண்டே இருங்கள் என்று சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் தேதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கடன்களின் பழைய கெடு மாதத்தின் ஐந்தாம் தேதி. சேவை நிறுவனம் பணத்தைப் பகிர்ந்து அனுப்புவதோ பதினெட்டாம் தேதி. திட்டத்தின் முதல் மாதத்தில் அந்தப் பதின்மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தாமதக் கட்டணங்கள் விழுந்தன, வசூல் அழைப்புகளும் வந்தன. கடனிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பத் தொடங்கிய வாரத்திலேயே, இதுவரை தவணை தவறாதவன் என்ற பெயர் போயிற்று. நான் எழுதிக் கேட்ட பிறகு ஒரு கட்டணத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தார்கள். மற்றொன்று அப்படியே நின்றுவிட்டது. கெடு தேதிகளை முன்கூட்டியே மாற்றித் தரும்படி கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். சேருகிறவர்கள் தங்கள் எல்லாக் கெடு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பணம் எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு பேரில் நான்கு பேர் வட்டியைக் குறைத்தார்கள், ஒருவர் முற்றிலும் நிறுத்தினார், ஒரு தனிநபர் கடன் நிறுவனம் மறுத்துவிட்டது. மறுத்தவர்கள் நாங்கள் அனுப்பும் தொகையை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பழைய வட்டியையே போட்டுக்கொண்டும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டும் இருந்தார்கள். திட்டத்தில் சேர்ந்த மறுநாளே அழைப்புகள் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தது தவறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல், ஆலோசனை பெறுகிறவர்களுக்கு 60 நாட்கள் வரை வட்டியையும் வசூல் நடவடிக்கையையும் நிறுத்திவைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அத்தகைய பாதுகாப்பு இல்லாத இடங்களில் இந்த இடைக்காலத்தைப் பொறுமையோடு கடந்தாக வேண்டும். எங்கள் ஆலோசகர் நான்காம் மாதத்தில், மற்ற ஐவருக்கும் தவறாமல் பணம் போய்க்கொண்டிருப்பதைக் காட்டும் அறிக்கையோடு மறுபடி எழுதினார். ஏழாம் மாதத்தில் அவர்களும் ஓரளவு வட்டியைக் குறைத்தார்கள். விட்டுவிடாமல் மறுபடி எழுதிய அந்த விடாமுயற்சிக்கு நான் நன்றியுள்ளவன்.

இழப்புகளையும் சொல்ல வேண்டும். மூன்று கார்டுகளும் மூடப்பட்டன. திட்டம் முடியும் வரை புதுக் கடன் எதுவும் வாங்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடன் மதிப்பெண் முதல் ஆண்டில் சரிந்தது. குறைத்த தவணை ஒப்பந்தப்படியான தவணையைவிடக் குறைவாக இருந்தால் அதுவும் பதிவாகும். அப்படிப்பட்ட பதிவுகள் பல ஆண்டுகள் நிற்கும். கடன் தவறியதற்கான பதிவு பிரிட்டனில் ஆறு ஆண்டுகளும், பெரும்பாலான பாதகமான பதிவுகள் அமெரிக்காவில் ஏழு ஆண்டுகளும் இருக்கின்றன. இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் வீடு வாங்க நினைக்கிறவர்களும், கடன் வரலாற்றைச் சரிபார்க்கும் வேலைகளில் இருப்பவர்களும் இதை நன்றாக யோசித்துத்தான் சேர வேண்டும். என்னைப் பொறுத்தவரை, அந்த மதிப்பெண்ணைக் காப்பாற்றத்தான் கார்டுக்குக் கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன் என்பதால், அது சரிந்தபோது வருத்தத்தைவிட ஓர் ஆறுதலே மிகுந்திருந்தது.

மாதாந்திர நடைமுறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பணம் போகிறது, அறிக்கை வருகிறது. ஆனால் அந்த அறிக்கையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு கடன் கொடுத்தவரின் கணக்கு அறிக்கையையும் தனியாக வாங்கி, சேவை நிறுவனம் அனுப்பியதாகச் சொல்லும் தொகை அங்கே வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, ஒப்புக்கொண்ட வட்டிதான் போடப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு கார்டு நிறுவனம் பழைய வட்டிக்குத் திரும்பியிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். சலுகையை ஓராண்டுக்கு மட்டுமே பதிந்திருந்ததாம். ஆலோசகரிடம் சொன்ன பத்து நாட்களில் சரியாயிற்று. சேவை நிறுவனமே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் குறை. வாடிக்கையாளர்களின் பணம் நிறுவனத்தின் சொந்தக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கப்படுகிறதா என்பதையும் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் தடுமாறினால் நம் தவணைப் பணத்துக்கு அதுவே பாதுகாப்பு.

தவணைக் கடனுக்கு விகிதப்படி வரும் பங்கு மிகச் சிறியதாக இருந்ததால் அதற்கு மட்டும் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருந்தார்கள். அதனால் அது 17-ஆம் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் போய்க்கொண்டிருந்த பங்கை மற்ற ஐவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுவும் நான் எழுதிக் கேட்ட பிறகுதான் நடந்தது. ஆலோசனையில் சிறந்து விளங்கும் இந்தச் சேவை அன்றாடக் கணக்கு வேலையில் பின்தங்கியிருக்கிறது என்பதே என் மதிப்பீடு. ஐந்து நட்சத்திரங்களில் அமைத்துக் கொடுத்த விதத்துக்கு நாலரை தருவேன். நடத்தும் விதத்துக்கு மூன்றுக்கு மேல் தர மாட்டேன்.

நிலையான வருமானம் இருந்து, அத்தியாவசியச் செலவு போக ஓரளவு மிஞ்சுகிறவர்களுக்கு, கடன் பெரும்பாலும் கார்டுகளிலும் தனிநபர் கடன்களிலும் இருந்தால், இந்த வழி பொருந்தும். மிச்சமே இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது. பெயருக்கு ஒரு தொகையைக் கட்டிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருப்பதைவிட, சட்டப்படியான தீர்வைப் பற்றி ஓர் ஆலோசகரிடம் கேட்பது நல்லது. ஒரே ஒரு கடன்தான் இருக்கிறது என்றால் இடையில் யாரும் வேண்டாம். வருமானச் செலவு அட்டவணையை இணைத்து அவர்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதலாம். குறைந்த வட்டியில் ஒருங்கிணைப்புக் கடன் கிடைக்கும் தகுதி உள்ளவர்கள் அதையும் பரிசீலிக்கலாம், காலியான கார்டுகளை மறுபடி நிரப்பிவிட மாட்டோம் என்ற உறுதி இருந்தால் மட்டும். எனக்கு அந்த உறுதி இருந்ததில்லை. அதே தவற்றை ஏற்கெனவே ஒரு முறை செய்திருக்கிறேன்.

24-ஆம் மாத மறுஆய்வு இன்னும் எட்டு வாரங்களில் வருகிறது. சம்பளம் சற்று உயர்ந்திருக்கிறது, வாடகையும் உயர்ந்திருக்கிறது. சென்ற முறை விட்டுப்போன பல் மருத்துவச் செலவுக்கு இம்முறை ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பள்ளிச் செலவு வரியை மனைவி திருத்தி எழுதியிருக்கிறார். ஐந்து கடன்களின் கெடு தேதிகளும் வட்டிச் சலுகை முடியும் தேதிகளும் அதே தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஆலோசகரிடம் கொடுத்து, இனி ஒவ்வொரு சலுகையும் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்கப்போகிறேன்.